தொண்ணூற்றொன்றரை மீட்டர்

சட்டம் கஜத்தில் பேசுகிறது.
மாநகராட்சி டேப் மீட்டரில்.
நடுவெயிலில் நின்று
ஜெயசுதா மேடம் போனில் பெருக்கிப் பார்த்தார்:
நூறு கஜம் என்றால்
தொண்ணூற்றொன்றரை மீட்டர், ஆறு சென்டி குறைய.

பள்ளிக்கூடக் கேட்டுக் கீலில்
டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன்
அஞ்சாம் வகுப்பு ரூபன்.
தேன்மிட்டாய்க்கு எனக்குப் பதினாலு ரூபாய் பாக்கி.
முப்பது மீட்டர் டேப்பு அது.
சாக்பீஸால் கோடு கிழித்துக் கிழித்து
மூன்றாம் இழுப்பில் என் பலகையைத் தொட்டபோது
எண்பத்தாறு.

பதினோரு வருஷமாக
இந்தக் கடை அசையவில்லை மேடம்.
கேட்டுதான் நடந்து வந்தது.

மெட்ரோவுக்குக் குழி தோண்டி
அயனாவரம் மெயின்ரோட்டு வாசலைத்
தகரம் வைத்து அடைத்தார்கள்.
பின்சுவரை இடித்து
எங்கள் சந்தில் புதுக்கேட்டு வைத்தார்கள்.
அன்றைக்கே சட்டமும்
பிள்ளைகளோடு வரிசையில் நின்று
உள்ளே வந்துவிட்டது போல.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

இருநூறு ரூபாய் ரசீது.
பெயர்?
ஃபிலோமினா.
ஃபாவா பியா என்று யோசித்தார்.
எப்படி எழுதினாலும்
தொகை ஒன்றுதானே.

போகும்போது அட்டைப்படத்தைக் காட்டி
"இதப் பாத்துமா விக்கிறீங்க?" என்றார்.

பார்க்கிறேன் மேடம்.
நான் மட்டும்தான் பார்க்கிறேன்.
பாக்கெட்டாக வாங்குகிறவர் இங்கே ரெண்டு பேர்,
அவர்களும் "வேற படம் குடுக்கா" என்பார்கள்.
மற்றவர்க்கெல்லாம் ஒண்ணு, ரெண்டு.
விரல் நீட்டுவார்கள்.
உருவிக் கொடுப்பேன்.
ஒரு எழுத்தும் இல்லாமல்
பால்வெள்ளையாகப் போகும் அது.
அழுகிய கன்னமும் துளை விழுந்த தொண்டையும்
அட்டையோடு என்னிடமே தங்கிவிடும்.
நாளுக்கு எழுபது எண்பது தடவை
அந்த ஆளின் வாயைத் திறந்து மூடுகிறேன்.
மத்தியானம் யாரும் வராத நேரத்தில்
"சாப்டியா" என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.
அவ்வளவு பெரிய எச்சரிக்கை
எண்பத்தைந்து சதவீதம்
என் ஒருத்திக்கு.
நான் ஒரு இழுப்பு இழுத்ததில்லை.

விட்டுவிட்டேன்.
பெரிய மனசெல்லாம் கிடையாது.
இன்னொரு ரசீது வந்தால் கடையே போகும் என்று
கவுன்சிலர் ஆள் சொல்லிவிட்டுப் போனான்.
அந்தத் தட்டில் இப்போது
சேமியா, ஊறுகாய் பாக்கெட், சாக்பீஸ் டப்பா.
நாளைக்கு முந்நூறு குறைகிறது.
அதற்கு யாரும் டேப் கொண்டுவரவில்லை.

கம்பத்தில் தொங்கிய லைட்டரையும் எடுத்தேன்.
முடிச்சு அவிழவில்லை, அறுத்தேன்.
ஒரு ஜாண் கயிறு மிச்சம்.

டில்லிபாபு லோடு வண்டியை நிறுத்தி
பேச்சுவாக்கில் கம்பத்தைத் தடவுகிறான்.
கயிறுதான் அகப்படுகிறது.
"இன்னாக்கா, எங்க போவ சொல்ற என்னை?"
ஓட்டேரிப் பக்கம் திரும்பினால் கடை உண்டு என்றேன்.
வெயிலைப் பார்த்தான்.
வண்டியைப் பார்த்தான்.
ஒன்வே.
கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டு ஏறினான்.
படத்தைப் பார்த்துப் பயப்படாதவன்,
ஃபைன் என்றால் சிரிப்பவன்,
சோம்பலிடம் தோற்றுவிட்டான்.
பத்து இப்போ ஆறாச்சு என்கிறான்,
மிச்ச நாலை நான் திருடிய மாதிரி
முறைத்துக்கொண்டு.

குழி மூடினால்
முன்வாசல் திறக்குமாம்.
கேட்டு திரும்பிப் போகும்,
சட்டம் அதன் பின்னால் போகும்.
"அப்ப சரக்கு எறக்கலாம்ல?" என்று
ஏஜென்சிப் பையன் வாராவாரம் கேட்கிறான்.
குழியில் தண்ணீர் நிற்கிறது அண்ணே,
பார்க்கலாம் என்கிறேன்.

நாலரை மணி அடித்ததும்
ரூபன் கேட்டிலிருந்து அடியெண்ணி வருகிறான்.
டேப் பிடித்த நாளிலிருந்து அது ஒரு விளையாட்டு.
ஜூனில் நூற்று நாற்பது அடி.
இன்றைக்கு நூற்று முப்பத்திரண்டு.
பலகையில் கையை ஊன்றி, மூச்சு வாங்க,
"கடை கிட்ட வந்துனே இருக்குதுக்கா" என்கிறான்.